தாழ்ப்பாள் இருக்கும் பக்கம்

மர்பி டவுன் வீட்டில் என் அறைக்கு இத்தனை வருஷமும் துணித் திரைதான். இந்த ஞாயிறு தம்பி குணசேகர் கதவும் நிலையும் வாங்கி வந்தான். எனக்கு ஒரே சந்தோஷம். அவன் காட்டிய பக்கமாகவே நிலையை நிமிர்த்தி, ஆப்பு செருகி, தூக்குக்குண்டு விட்டேன். நேராக நின்றது. அப்புறம்தான் கவனித்தேன். கதவு உட்காரும் காடி ஹாலைப் பார்த்து இருந்தது. தாழ்ப்பாளும் ஹால் பக்கம்தான் வரும்.

"குணா, மாத்தி வெச்சிட்டோம்டா. தாப்பா வெளிய வந்துடும்."

"வெளியவே இருக்கட்டும்ணா."

"உள்ள படுக்கறவன் நான்டா!"

அவன் போனைப் பார்த்தபடியே சொன்னான். "அடுத்த வாரம் மமதாவப் பொண்ணு பாக்க வராங்க. அவ பெரியப்பா நீ காண்ட்ராக்டர், மைசூர்ல வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். போன தடவ வந்தவங்ககிட்ட மண்ணு சொமக்கறேன்னு சொல்லிட்ட."

"சொமக்கறேனே."

"அதான். ரெண்டு மணி நேரம் உள்ளயே அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"சொன்னா உள்ளயே இருக்க மாட்டேனா? தாப்பா போடணுமா?"

"பேச்சு சத்தம் கேட்டா வந்து குந்திக்குவ. உன்னப் பத்தித் தெரியாதா?"

சமையலறை வாசலில் அவன் மகள் மமதா நின்றிருந்தாள். நான் தோளில் தூக்கி வளர்த்த பெண்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுத்தியலை எடுத்து ஆப்புகளைத் தட்டிக் கழற்றினேன். நிலை என்மேல் சாய்ந்தது. குணா பிடிக்க வரவில்லை. ஒற்றை ஆளாகவே திருப்பி, காடி என் அறையைப் பார்க்க நிறுத்தினேன்.

"சாத்தணும்னா நானே சாத்திக்கறேன்" என்றேன்.