தேசப்பன் ஆறிய கடற்கரை

விசாகப்பட்டினத்துக் கடல் தேசப்பனைக் கண்டதும் கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் பின்வாங்கிப் போய் நின்றது. காற்று மாறியதால் என்று சொன்னவர்கள் உண்டு. காற்று மாறவில்லை. அன்றைக்கு வேறு எந்தக் கரையிலும் கடல் தன் இடத்தை விட்டு நகரவுமில்லை. அவன் நின்ற இடத்துக்கு நேராக மட்டும்தான் நகர்ந்தது. அவன் இரண்டு எட்டு முன்னால் வைத்தால் அதுவும் இரண்டு எட்டுப் போனது.

தேசப்பன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் உலை முன்னால் நின்றவன். அவன் அப்பன் கூலிக்கு நாற்று நட்ட கழனியில்தான் பிறகு அந்தப் பவுண்டரி எழும்பியது. மகன் அதே மண்மேல் நின்று இரும்பை உருக்கி ஊற்றினான். உலைச் சூடு முதலில் அவன் முகத்தில் ஏறியது, அப்புறம் தோளில், அப்புறம் எலும்பில். வேலையை விட்டு நின்றால் இறங்கிவிடும் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்ன எதுதான் நடந்தது? வயதாகி நின்ற பிறகும் அது இறங்கவில்லை. அவன் கையில் பிடித்த டம்ளரில் டீ மறுபடி கொதித்தது. பிளாஸ்டிக் நாற்காலி அவன் குந்திய வடிவத்துக்கு இளகி அப்படியே நின்றது. மழையில் நடந்தால் அவன் மேல் விழுந்த துளி சுர்ரென்றது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் அதைத்தான் கொடுப்பார்கள்.

அவன் பெண்டாட்டி ஈஸ்வரி இதில் ஆதாயமும் பார்த்தாள். அடைமழைக் காலத்தில் ஈரத்துணியை அவன் முதுகில் போட்டு உலர்த்தினாள், அப்பளத்தை அவன் உள்ளங்கையில் வைத்துச் சுட்டாள். ஆனால் அவனைத் தொட முடியவில்லை. தொட்டால் கொப்புளம். அவன் ஒரு மூலையில் வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தான், அவள் எதிர் மூலையில் பாயில் படுத்தாள். மணவாள நகரில் கட்டிக்கொடுத்த மகள் தமிழ்செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால், தாத்தா வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். இப்படியே வருஷங்கள் போயின. ஊர் பழகிவிட்டது. ஈஸ்வரி மட்டும் பழகவில்லை. சாவதற்குள் இந்த மனுஷன் கையை ஒரு தரமாவது கொப்புளம் இல்லாமல் பிடித்துவிட வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். அவள் முடிவு கட்டினால் கட்டியதுதான்.

சூட்டுக்குத் தண்ணீர், பெரிய சூட்டுக்குப் பெரிய தண்ணீர் என்று கணக்குப் போட்டாள். பழவேற்காடு பக்கம்தான், ஆனால் அங்கே சொந்தக்காரர்கள், வேடிக்கை பார்ப்பார்கள். எண்ணூர்த் தண்ணீரை அவள் நம்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்கும் சாவுக்கும் தவிர இரண்டு பேரும் எங்கேயும் போனதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. விசாகப்பட்டினத்தில் ஊரும் பார்க்கலாம், நல்லதாகச் சாப்பிடவும் செய்யலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு டிக்கெட் எடுத்தாள். ரயிலில் சீட்டின் ரெக்சின் இளகிவிடும் என்று தேசப்பன் வழி முழுக்கக் கதவோரம் நின்றே வந்தான்.

போய் இறங்கிய முதல் நாள் அவர்கள் செய்த தப்பு ஆலை ஜனங்கள் மட்டுமே செய்யக்கூடியது. ஷிப்டுக்குப் போவது போல ஊரைச் சுற்றினார்கள். கரையில் ஏற்றி வைத்திருக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்குள் முன் வழியாக நுழைந்து பின் வழியாக ஓட்டமாக வெளியே வந்தார்கள். கைலாசகிரி மலைமேல் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிற சிவனுக்கும் பார்வதிக்கும் ஒரு கும்பிடு, உடனே இறக்கம். பெசரட்டு என்கிற பச்சைப்பயறு தோசையைக் கேண்டீனில் தின்கிற மாதிரி நின்றபடியே விழுங்கினார்கள். ஓட்டல்காரன் சட்னி கொண்டுவருவதற்குள் கை கழுவியாகிவிட்டது. மத்தியானத்துக்குள் ஊரில் பார்க்க ஒன்றும் பாக்கி இல்லை. அடுத்த வேலை கடல் என்று ஈஸ்வரி ஒரு கம்பை அவன் முதுகில் வைத்து நெட்டித் தள்ளிக்கொண்டு போனபோதுதான் கடல் பின்வாங்கியது.

விடவில்லை, துரத்தினார்கள். ஈரத்தரையில் நண்டுகள் திகைத்து நின்றன. மீன்கள் துள்ளின, அவற்றைப் பொறுக்கக் கூட்டம் கூடியது. கரையோரம் மிதந்த படகுகள் தரைதட்டிச் சாய்ந்ததும் படகுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பெரியவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள் என்று தெலுங்கில் மரியாதையாகச் சொன்னார். தேசப்பனுக்கு முகம் தொங்கிப் போயிற்று.

“கடலுக்கே என்னைப் புடிக்கல. வாமே, ஊட்டுக்குப் போலாம்.”

“ஊட்ல இன்னா கீது? அந்த மூலைல நீ, இந்த மூலைல நானு. அதுக்குப் போறதுக்கு இன்னாய்யா அவசரம்? வந்தது வந்தோம், குந்திச் சாப்டுட்டுத்தான் போறது.”

மறுநாள் அப்பலநாயுடு என்கிற ஆட்டோக்காரன் வாய்த்தான். சவாரிக்காரர்களிடம் கதை விடாத ஆட்டோக்காரன் எந்த ஊரிலும் இல்லை, ஆனால் இவன் சொன்னது கதை இல்லை. சீட்டு கருகுகிற வாசனை வந்தும் அவன் வண்டியை நிறுத்தவில்லை. இது என்ன சூடு, எங்கள் சிம்மாசல மலைமேல் இருக்கிற நரசிம்மருக்கு இதைவிட உக்கிரம், வருஷம் முழுக்க மேலெல்லாம் சந்தனம் அப்பித்தான் வைத்திருக்கிறோம், ஒரே ஒரு நாள்தான் எடுப்போம் என்றான். அவர்களை மலைக்கே கூட்டிக்கொண்டு போனான். சந்நிதியில் சாமி உருவமே தெரியாமல் சந்தன உருண்டையாக இருந்தார். ஈஸ்வரி கும்பிடவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அதே பவுண்டரியில் மண் அச்சுப் பிடிக்கிற பிரிவில் இருந்தவள்தான். மேலே ஏதாவது அப்பிக்கொண்டு ஒரு பொருள் கிடந்தால் அது எதற்கென்று அவளுக்குத் தெரியும். படியில் இறங்கும்போது கேட்டாள்.

“யோவ், செவந்த வார்ப்பைத் தூக்கித் தண்ணில போட்டா இன்னா ஆவும்?”

“படார்னு வெடிக்கும். இத்த எதுக்குக் கேக்கற?”

“அந்த வேலையத்தான் நேத்து நான் பண்ணப் பாத்தேன். அந்தக் கடலுக்குக் கீற அறிவு எனக்கு இல்லாமப் பூட்ச்சி.”

பவுண்டரியில் ஊற்றிய இரும்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். அது தன் பாட்டுக்கு ஆற வேண்டும். மேலதிகாரிகள் அவசரப்படுத்தி மண்ணைச் சீக்கிரம் உடைத்த நாளிலெல்லாம் வார்ப்பு விரிசல் விட்டிருக்கிறது. எனவே அடுத்த நாள் காலையில் ஈஸ்வரி ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டு கரைக்குப் போனாள். கூட்டம் இல்லாத பக்கமாகப் பார்த்துக் குழி வெட்டி, தேசப்பனை உள்ளே உட்கார வைத்துக் கழுத்து வரைக்கும் மணலைத் தள்ளி, அச்சு மண்ணை அடிப்பது போலக் காலால் மிதித்து இறுக்கினாள்.

“உசுரோட பொதைக்கிறியே, அவ்ளோ கோவமாமே என் மேல?”

“பொதைக்கிறதுக்கு கும்மிடிப்பூண்டிலயே எடம் கீது. வாயத் தொற.”

வாயில் ஒரு புனுகுலு போட்டாள். மாவைக் கிள்ளிப் போட்டுப் பொரித்த உருண்டை அது. அவன் மென்று முடிக்கிற வரைக்கும் அடுத்ததை எடுக்கவில்லை. அப்படித்தான் அவர்களுடைய ஊர் சுற்றல் உண்மையில் ஆரம்பித்தது. காலையில் புனுகுலு, மத்தியானம் குச்சியில் குத்திய வஞ்சிரம் வறுவலும் இறாலும், வெயில் சாய்ந்தால் வெங்காயமும் எலுமிச்சையும் பிசைந்த பொரி. அவன் தலை மணலுக்கு மேல் இருந்தது, அவள் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்து ஊட்டினாள். துறைமுகத்துக்குப் போகிற கப்பல்களைப் பார்த்தார்கள். முதல் நாள் விட்டுப் போன நீர்மூழ்கிக் கப்பல் கதையை எல்லாம் அப்பலநாயுடு வந்து குந்தி நிதானமாகச் சொன்னான். கரையில் வேர்க்கடலை விற்ற மேரி என்பவள், தேசப்பனைச் சுற்றியிருந்த மணல் சூடேறிக் கிடப்பதைக் கண்டு ஒரு படி கடலையை அதில் கொட்டிக் கிளறினாள். வறுபட்டது. அதிலிருந்து அவள் அடுப்பு மூட்டவில்லை. விலையையும் குறைக்கவில்லை, அவளும் வியாபாரிதான்.

தேசப்பனுக்குத்தான் பொறுமை இல்லை. சும்மா உட்கார்ந்து பழகாத உடம்பு. ஆறிப்போச்சு, தோண்டு என்று தினம் தொணதொணத்தான். சூப்பர்வைசர் மாதிரிப் பேசாதே என்று அவள் அடக்கினாள். ஊருக்குத் திரும்புகிற டிக்கெட்டின் நாள் வந்தது. ரயில் அவர்கள் இல்லாமல் போனது. மகள் போனில், இன்னும் அங்கே என்னம்மா பண்றீங்க என்று கத்தினாள். உங்கப்பன் ஆறட்டும் என்று சொல்லி ஈஸ்வரி போனை வைத்தாள். கடலும் இதைக் கவனித்தது. நாளுக்கு ஒரு முழம், சில நாள் அரை முழம் என்று திரும்பி வந்துகொண்டிருந்தது. படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒரு நாள் அது ஈஸ்வரியின் செருப்பை நனைத்தது. அன்றும் அவள் தோண்டவில்லை. மேல் மண் ஆறிவிடும், உள்ளே கனல் இருக்கும், மேலே தொட்டுப் பார்த்ததை நம்பி உடைத்தவன் கெட்டான்.

பிறகு ஒரு சாயங்காலம் தண்ணீர் வந்து தேசப்பனின் தாடையைத் தொட்டது. சுர்ரென்ற சத்தம் இல்லை. உப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான். ஈஸ்வரி மண்வெட்டியைத் தொடாமல் கையாலேயே பறித்தாள். முதலில் அவன் வலது கையை வெளியே எடுத்தாள். அவள் அந்தக் கையைப் பிடித்தாள். வெயிலில் கிடந்த கூழாங்கல் அளவுக்குச் சூடு இருந்தது, அவ்வளவுதான். விரிசல் விட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இல்லை. அலை வந்து இரண்டு பேரையும் நனைத்துவிட்டுப் போனது. அவள் கையை எடுக்கவில்லை. மிச்ச ஆளைத் தோண்டும் வேலையை அப்பலநாயுடுதான் செய்ய வேண்டி வந்தது.

அன்றைக்கு ஓட்டலில் இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து, இலை போட்டதிலிருந்து மோர் வரைக்கும் சாப்பிட்டார்கள். பரிமாறுகிறவன் கடையைச் சாத்த வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். ரயிலில் தேசப்பன் சீட்டில் குந்தி வந்தான். பேரப்பிள்ளை இப்போது அவன் மடியில்தான் கிடக்கிறது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் மேரி இன்னமும் அடுப்பில்லாமல்தான் கடலை வறுக்கிறாள், மழை நாளில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மார்கழியில் தேசப்பனுக்கு எல்லாரையும் போலக் குளிர்கிறது. வீட்டில் போர்வை ஒன்றுதான். ஈஸ்வரி இன்னொன்று வாங்கவில்லை.