இரண்டாவது குழாய்

மேசைக்கு அந்தப் பக்கம் ஆராய்ச்சி மருத்துவர். அவருக்கு இடப்புறம் ஊசித் தட்டுடன் நர்ஸ். இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் என் தம்பி, அவனை ஒட்டி அவன் மனைவி, கதவோரம் அவன் அக்கா நான். எங்கள் வீட்டில் எழுத்து வேலை எது வந்தாலும் என் தலையில்தான் விழும். அதற்காகவே என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள்.

தம்பி பேருந்து நடத்துநர். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். போன வருடம் இதே அறையில், யாரும் கேட்காமலேயே முன்வந்து ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தான். ரத்தக் குழாயின் உள்சுவரிலிருந்து உரிந்து ரத்தத்தோடு சுற்றும் செல்களை எண்ணுகிறார்களாம். அவற்றுக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்களாம். ஊசி குத்தும்போதே சுவர் கொஞ்சம் சுரண்டப்பட்டு அந்தச் செல்களும் கலந்துவிடுமென்று முதல் கண்ணாடிக் குழாய் ரத்தத்தைக் கொட்டிவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துவைப்பார்கள். "முதல் குழாய் குப்பைக்கு, ரெண்டாவது உலகத்துக்கு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். இந்த வருடம் அவனுக்கே பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின.

"பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம் எங்ககிட்ட இருக்கு. இப்ப இன்னொரு தடவை எடுத்தா ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கலாம். இப்படி ஒருத்தர் கிடைக்கிறதே அபூர்வம்" என்றார் மருத்துவர். லாட்டரி விழுந்தவர் முகம் அவருக்கு.

"முன்னாடி எடுத்ததுல எப்படி இருந்துச்சு?" தம்பி மனைவி கேட்டாள்.

நர்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"மத்தவங்களைவிட அதிகமாத்தான் இருந்துச்சும்மா. ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்கே தெரியாது. அதுதான் காரணமா, இல்ல வேற கோளாறோட அடையாளமான்னு இன்னும் முடிவாகலை. தெரியாததைச் சொல்லி ஆளைப் பயமுறுத்தக் கூடாதுன்னு விதி."

"தெரியாதுன்னாவது சொல்லியிருக்கலாமே டாக்டர். பிரஷர் மாத்திரையை மறந்து மறந்து போடுற மனுஷன். பயந்தாவது ஒழுங்கா முழுங்கியிருப்பாரு."

மருத்துவர் நர்ஸுக்குக் கண்ணைக் காட்டினார். நர்ஸ் எழுந்து தம்பியின் இடது சட்டைக் கையை மடித்தாள். அவன் வெடுக்கென்று கையை உருவி, மடித்த துணியைப் பல்லால் கடித்து இழுத்து இறக்கினான்.

"அப்ப விருப்பமில்லைன்னு எழுத்துல குடுத்துடுங்க" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். ஒன்று, இனி ரத்தம் தருவதற்கில்லை. இரண்டு, பழைய ரத்தத்தையும் அழித்துவிட வேண்டும். வாசித்துக் காட்டியபோது இரண்டாவதில் தம்பி மேசையில் ஓங்கி அறைந்தான். டம்ளர் கவிழ்ந்தது.

"என்னடா?"

"அது இருக்கட்டும்ங்கிறார், அண்ணி. பேசிக்கிட்டிருந்தப்ப குடுத்ததாச்சே."

"அவங்களுக்கு எதுக்குடி சும்மா விட்டுக்குடுக்கணும்?"

"அவங்களுக்கில்ல. உலகத்துக்காம்" என்றாள். சிரிப்புப் போல ஏதோ ஒன்று தம்பியின் உதட்டை ஒரு பக்கம் மட்டும் இழுத்தது.

நனைந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். புது ரத்தம் கிடையாது. பழையது இருக்கலாம். அடுத்து யாருக்காவது அதிகமாக இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"செய்வாங்களா, அண்ணி?"

"செய்ய மாட்டாங்க" என்று உறையில் பசை தடவினேன். தம்பி இடது கட்டைவிரலால் நெடுநேரம் அதை அழுத்திப் பிடித்திருந்தான். அவன் விரலை எடுத்ததும் தெருமுனைக்குப் போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.