பூட்டுக்காரர் வீட்டு மிஷின்

எங்கள் மாடியில் குடியிருக்கும் பூட்டுக்காரருக்குக் கடை கிடையாது. ஒரு பழைய ஸ்கூட்டரும் அதன் பின்னால் கட்டிய தகரப் பெட்டியும்தான் எல்லாம். சாவியைத் தொலைத்தவர்கள் போன் செய்தால் வாசலுக்கே போய்த் திறந்து கொடுப்பார். ஒருமுறை ஒரு இரும்புப் பெட்டகத்தின் முன் நின்று தொண்டையைக் கனைத்தார், அது தானாகத் திறந்துகொண்டது. நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நான் சொல்லித்தான் தெருவுக்கே தெரியும், ஆகையால் நம்பலாம்.

அவர் பயந்தது ஒரே ஒருவருக்கு, மச்சானுக்கு. மனைவியின் அண்ணன் கடைவீதியில் பெரிய சாவிக்கடை வைத்திருந்தார். தெருத்தெருவாக அலையாமல் என் கடையில் வந்து சம்பளத்துக்கு உட்காரச் சொல் என்று தங்கையைப் போனில் அரித்துக்கொண்டே இருந்தார். அதற்கு ஏதாவது ஒரு பூட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துவிடலாம் என்பது பூட்டுக்காரரின் கட்சி.

இதற்கிடையில் அடுக்குமாடிக்காரர்கள் கையில் காசு வைத்திருப்பதையே விட்டுவிட்டார்கள். கதவைத் திறந்து கொடுத்ததும், கார்டு வாங்குவீங்களா என்பார்கள். இல்லை என்றால் அடுத்த முறை போன் மச்சான் கடைக்குப் போனது. கடைசியில் அவரும் மாத வாடகைக்கு ஒரு கார்டு மிஷின் வாங்கினார். உள்ளங்கை அகலம். கார்டை மேலே காட்டினால், "பணம் வந்து சேர்ந்தது" என்று ஒரு பெண் குரல் கணீரென்று சொல்லும்.

"மழைக்காலம் முடியறவரைக்கும் பாரு," என்றார் மனைவியிடம். "மிஷின் சும்மா கிடந்தா நானே போய் உங்க அண்ணன் கடையில உட்கார்ந்துக்கறேன்."

முதலில் மிஷின் நன்றாகவே பேசியது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. யாரும் வெளியே போகவில்லை. வெளியே போகாதவன் சாவியை எப்படித் தொலைப்பான்? ஆனாலும் சாயங்காலம் அவர் மாடியேறியதும் அந்தக் குரல் என் கூரை வழியாகக் கேட்டது. வேலை பார்த்த இடத்தில் சிக்னல் இல்லை, இப்போதுதான் ஏறுகிறது என்று மனைவியிடம் சொல்வாராம்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயைப் பார்க்க மேலே போனேன். பால்கனியில் நின்றுகொண்டு தன் கார்டையே தன் மிஷினில் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"என் பணம்தான் சார். ஒரு சுத்து சுத்திட்டு என்கிட்டயே வந்துடும்."

"முழுசா வருதா?"

"கம்பெனிக்காரன் கொஞ்சம் பிடிச்சுக்கறான். நடந்தா இளைக்கத்தானே செய்யும்?"

எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மழை விட்டதும் அதிர்ஷ்டம் வந்தது. ஒரு அடுக்குமாடி முழுக்கப் பூட்டு மாற்றும் வேலை. கைக்காசு போட்டுப் பூட்டுகளை வாங்கி, இடுப்பொடிய மாட்டிக் கொடுத்தார். மொத்தத்தையும் கார்டில் தீர்த்தார்கள். குரல் பணம் வந்து சேர்ந்ததாகச் சொன்னது. வங்கிக்கு மட்டும் வந்து சேரவில்லை. மறுநாள் மிஷினும் வாயை மூடிக்கொண்டது.

என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கம்பெனிக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள்.

"உங்க கார்டையே உங்க மிஷின்ல திரும்பத் திரும்பப் போட்டிருக்கீங்க சார். அது விதிப்படி கூடாது. அதனால கணக்கை நிறுத்தி வெச்சிருக்கோம்."

"என் பணத்தை நானே எனக்குக் குடுத்தேம்மா. இதுல நான் யாரை ஏமாத்தினேன்?"

"அதைத்தான் சார் விசாரிக்கிறோம்."

விசாரணை முடியும்வரை உள்ளே இருக்கும் பணம் வெளியே வராது என்றாள். அவர் போனின் முன் தொண்டையைக் கனைத்தார். ஒன்றும் திறக்கவில்லை.

மிஷின் மழையில் நனைந்து செத்துவிட்டது என்று வீட்டில் சொல்லப்போவதாகவும், நான் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பொய்க்குத் துணை போவது எனக்குப் புதிதல்ல, போனேன். அவர் பாதி சொல்வதற்குள் அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"கார்டுக்கு என் போன் நம்பரைத்தானே குடுத்திருக்கீங்க? உங்க மிஷின் பேசினப்பல்லாம் என் போனும் அடிச்சுது. பணம் போச்சு, பணம் போச்சுன்னு."

நான் பாதியில் இருந்த தலையாட்டலை நிறுத்திக்கொண்டேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றார் அவர்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே அண்ணன் கடைக்குப் போயிருப்பீங்க. உங்களை அங்க பார்க்க எனக்கு மட்டும் ஆசையா?"

பூட்டு வாங்கப் போட்ட காசு சேமிப்பையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. அடுத்த திங்கட்கிழமை அவர் மச்சான் கடைக்குப் போனார்.

நான் ஒருநாள் போய்த் தேவையில்லாத சாவி ஒன்றை வெட்டிக்கொண்டேன். அருமையாக வெட்டிக் கொடுத்தார். கார்டைக் காட்டினேன். அதே கம்பெனி, அதே பெண் குரல், பணம் வந்து சேர்ந்தது. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மச்சான்தான் நன்றி சொன்னார்.

விசாரணை இன்னும் நடக்கிறது. வாய் திறக்காத அந்த மிஷினுக்கு மாத வாடகையை மட்டும் கம்பெனி பிசகாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தகவலும் அவர் மனைவியின் போனுக்குத்தான் வருகிறது. அந்த அம்மா அதைப் பூட்டுக்காரரிடம் சொல்வதில்லை.