சத்தம் கேட்டால் பயமில்லை

டயனா தன் குறும்படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை அன்று மாலை ஐந்து மணிக்குள் கொழும்புக்கு அனுப்பியாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் திரைப்படப் பயிற்சிக்கு ஆள் எடுப்பார்கள். அனுப்புமுன் ஊர்ப் பெண்களுக்குக் காட்டிப் பார்ப்போமே என்று, மாம்புரியில் மக்டலின் அக்காவின் வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். படத்துக்கு ஒலி பதிந்த றஸ்மியும் தில்லையடியிலிருந்து வந்து, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

படத்தில் விடியற்காலை. கரையில் ஒருத்தி கணவனுடைய வள்ளத்துக்காகக் காத்து நிற்கிறாள். கமெரா மணலோடு மணலாகக் கிடந்து, மெல்ல மெல்ல அவள் முதுகை நெருங்குகிறது. கடல் முழுக்கப் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து ஓர் எஞ்சின் சத்தம் கிட்ட வருகிறது. கூடவே மேளம் உறுமுகிறது. பார்க்கிறவருக்கு இந்த இடத்தில் நெஞ்சு பதறவேண்டும்.

பெண்களோ சிரித்துவிட்டார்கள்.

"இது றொபின்சன்ட எஞ்சின்தானே," என்றாள் மக்டலின். "அவன் சோத்துக்கு வாறான். இதுக்கேன் பிள்ளை அவ பயப்பிடுறா?"

இப்படி இருமிக்கொண்டு வருகிற எஞ்சின் இந்தக் கரையில் வேறு எவனிடம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அனஸ்தாசியாவும் சேர்ந்துகொண்டாள். குசினியில் சமைத்தபடியே யாருடைய வள்ளம் வருகிறதென்று சொல்லிவிடுகிற பெண்கள் அவர்கள். டயனாவும் அந்த ஊர்க்காரிதான். சிலாபத்தில் விடுதியில் நின்று படித்த வருடங்களில் அது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஒலி பதிந்த அன்றைக்குக் கரையில் சும்மா கிடந்தது றொபின்சனின் வள்ளம்தான் என்றான் றஸ்மி. கொழும்பில் இருப்பவர்களுக்கு றொபின்சனைத் தெரியவா போகிறது என்றும் கேட்டான். அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் இவர்களுக்கே வராத பயம் என்றால், தான் யாருடைய பயத்தைப் படம் எடுத்தோம் என்று டயனாவுக்கு யோசனையாக இருந்தது.

"அப்ப எந்தச் சத்தம் கேட்டா உங்களுக்குப் பயம், அக்கா?"

மக்டலின் கடல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டாப் பயமில்லையே, பிள்ளை."

றஸ்மி நிமிர்ந்து பார்த்தான். பிறகு மேளச் சத்தத்தை நீக்கினான், எஞ்சின் சத்தத்தையும் நீக்கினான். அலையைத் தணித்தான். காற்றில் சேலை படபடப்பதும், எங்கோ தள்ளி வேறு வள்ளங்களைக் கரையேற்றுகிற ஆட்களின் குரலும் மட்டும் மிஞ்சின. ஊரார் எல்லோரும் வந்தாயிற்று, இவளுடையவன் மட்டும் இல்லை. அவள் முகத்தைக் காட்டுகிற துண்டை டயனா வெட்டினாள். கமெரா முதுகோடு நின்றுவிட்டது.

ஐந்துக்குக் கால்மணி இருக்க மறுபடி போட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் மக்டலின் எழுந்துபோய், அலுமாரி மேலிருந்த தொலைபேசியை எடுத்து, மத்தியானம் கடலுக்குப் போன தன் புருஷனுக்கு அழைத்தாள். மணி போனது; எடுக்கவில்லை. திரும்ப அழைத்தாள்.

"அனுப்புங்க டயனா, நேரம் போகுது," என்றான் றஸ்மி.

தேடிய பயம் கிடைத்துவிட்டது. ஆனால் டயனா விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

"பொறுங்க. அண்ணன் எடுக்கட்டும்."

மூன்றாம் தரம் எடுத்தார். என்ன விசயம் என்று அவர் கத்திக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"ஒண்டுமில்லை," என்றாள் மக்டலின். "சும்மாதான் எடுத்தன்."

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்க, டயனா படத்தை அனுப்பினாள்.