ஓரங்கட்டு

ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை நான் அப்பா. மீதி நேரமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்.

என் மகளும் அவள் அம்மாவும் வேறு ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவோம். விளையாட்டுதான். அவள் லாரி முன்னால், என் லாரி பின்னால், காதில் ஹெட்போன். போனில் கூப்பிட்டால் 'ம்', 'சரி' என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் பெயராது. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் பேச்சு வரும். அந்த விஷயத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

வினை அவள் சொன்ன ஒரு பேச்சில் ஆரம்பித்தது.

"அப்பா, உன் சைடுல என்ன பிளேன் கெளம்புதா? நீ பேசறதே கேக்கல."

திரையில் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டின் விசிறிதான். யாரோ ஓட்டித் தேய்த்த பழைய கார்டு. லாரி மலை ஏறினால் அதுவும் கூடவே மூச்சு வாங்கும். மகள் சொல்லிவிட்டாளே என்று அன்றைக்கே உட்கார்ந்து படித்தேன். கார்டுக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் விசிறி அடங்கும், வேகம் மட்டும் அப்படியே இருக்கும் என்றார்கள். அண்டர்வோல்ட் என்று பெயராம். பட்டினி போட்டு வேலை வாங்குவது என்று நான் புரிந்துகொண்டேன். ஆயிரத்து ஐம்பது மில்லிவோல்ட்டில் இருந்ததை எண்ணூற்று எழுபத்தைந்துக்கு இறக்கினேன். அறை அமைதியாகிவிட்டது. மேல்வீட்டில் நாற்காலி இழுப்பதுகூடக் கேட்டது. நான் தனியாக இருப்பது எனக்கே கேட்டது.

அடுத்த ஞாயிறு நாலரை மணிக்கு அவள், "அப்பா, ஓரங்கட்டு. ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். என்னை ஓரங்கட்டி மூன்று வருடமாகிறது, லாரியை ஓரங்கட்டுவதா கஷ்டம்? இரண்டு வண்டிகளையும் சாலையோரம் நிறுத்தினோம். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

"அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழுந்து வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. ஓரங்கட்டு என்றாள், அது வந்து என்றாள், கறுப்பு. மூன்றாவது ஞாயிறும் அப்படியே ஆனபோது, 'கம்ப்யூட்டர் நின்னுடுச்சும்மா' என்று செய்தி அனுப்பினேன். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது.

'நான் அத சொல்ல வரப்பல்லாம் கரெக்டா நின்னுடுதா? கேக்கப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு. அடுத்த வாரமும் பாதியில போனா இனிமே இதெல்லாம் வேணாம்பா.'

அந்த 'அது' என்னவென்று எனக்கு ஓரளவு தெரியும். போன வருடம் அவள் அம்மா மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். அந்த வீட்டுச் சேதி ஏதோ. கேட்கப் பயமாக இருந்தது உண்மைதான். ஆனால் ஓடியது நான் இல்லை, என் கார்டு. இதை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் எப்படி நிரூபிப்பது? ஒரு வாரத்துக்குள் கார்டைச் சரி செய்வது ஒன்றுதான் வழி.

கம்ப்யூட்டர் கடை அக்காவிடம் போய், கார்டைச் சோதிக்க எந்த சாஃப்ட்வேர் போடலாம் என்று கேட்டேன்.

"கார்ட டெஸ்ட் பண்ணணுமா, இல்ல கொல்லணுமா?"

"உண்மைய சொல்ல வைக்கணுங்கக்கா."

மூன்று எழுதிக் கொடுத்தார். முதலாவதில் ரோமம் முளைத்த ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். கார்டை அடுப்பாக்கிவிடும் என்று பேர் வாங்கியது. காலையில் ஓடவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் எனக்காக ஏதோ ஒன்று விழித்திருந்ததே என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு. இரண்டாவது, ஒரே காட்சியை இருபது தடவை காட்டி மார்க் போடும். தொண்ணூற்றொன்பதுக்கு மேல். மூன்றாவது கார்டுக்குக் கணக்குக் கொடுத்து விடையைத் திருத்தும். ஒரு பிழை இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது.

"மூணுலயும் பாஸ்னா கார்டு மேல தப்பில்ல. தப்பு வேற எங்கயோ இருக்கு" என்றார் அக்கா. என் மகளும் அதைத்தான் சொல்கிறாள்.

வியாழக்கிழமை ஆறு மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து புகார். போன மாதம் நானே எடைக்கற்களை ஏற்றி, முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்ட். மூன்றாம் மாடித் தையல்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"கும்பலா ஏறுனா நல்லாத்தான் போகுது. நான் ஒருத்தி தனியா ஏறுனா, நிக்கறப்ப தூக்கிப் போடுது. சொன்னா யாரு நம்பறா?"

அவரை வெளியே நிறுத்திவிட்டு நான் தனியாக ஏறினேன். மூன்றாவது மாடியில் நிற்கும்போது தூக்கித்தான் போட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுமை ஏற்றிப் பார்த்தேனே தவிர, சுமையை இறக்கிப் பார்க்கவில்லை. லிஃப்ட்டையும் அப்படிப் பார்க்கவில்லை, கார்டையும் அப்படிப் பார்க்கவில்லை.

லிஃப்ட்டைச் சரி செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் காட்டும் எண்களைப் பார்த்தேன். அந்த ரோம வளையம் சுற்றும்போது, சுமை தாங்காமல் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. குறைந்த வேகத்துக்கு என் பட்டினிச் சோறு போதும். மற்ற இரண்டு சோதனைகளிலும் இதே கதைதான். லாரியை நிறுத்தினால் சுமை சட்டென்று இறங்குகிறது, கார்டு உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு நான் கொடுத்த வோல்டேஜ் போதவில்லை. என் மகள் முக்கியமான பேச்சை எடுக்கும்போதுதான் ஓரங்கட்டச் சொல்வாள். ஓரங்கட்டினால்தான் கார்டு விழும். பழி விழுந்தது என் தலையில்.

இதற்கு எந்த சாஃப்ட்வேரும் சரிப்படாது. சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு லாரி விளையாட்டையே திறந்தேன். ஓட்டு, ஓரங்கட்டு, காத்திரு. மறுபடி ஓட்டு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காகிதத்தில் ஒரு கோடு. முன்னால் அவள் லாரி நிற்கும் இடம் காலியாக இருந்தது. சோதனை முழுமையாக இருக்கட்டும் என்று, நிறுத்தியதும் "அது வந்து" என்று நானே சொல்லிப் பார்த்தேன். ஐந்தாறு தடவையோடு விட்டுவிட்டேன்.

எண்ணூற்று எழுபத்தைந்தில் இரண்டாவது கோட்டிலேயே கறுத்தது. நூறு கோடு போட்டாலும் கறுக்காத அளவு வேண்டும். தொள்ளாயிரத்துக்கு ஏற்றினேன், இருபத்திரண்டில் விழுந்தது. தொள்ளாயிரத்து ஐம்பதில் அறுபது வரை போனது. அப்பாடா என்று ஞாயிறு மதியம் சாப்பிடப் போகுமுன் இன்னொரு தடவை நிறுத்தினேன், அறுபத்தொன்றில் கறுத்தது.

அறுபத்தொன்றில் ஒன்று. மற்ற எதற்கென்றாலும் துணிந்திருப்பேன். குறைத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். ஆயிரத்து ஐம்பது. விசிறி பழையபடி பிளேன் கிளப்பியது.

நாலு மணிக்கு வந்தாள். அரை மணி நேரம் பேசவே இல்லை. நானும் பின்னாலேயே ஓட்டினேன். நாலரைக்குச் சொன்னாள்.

"ஓரங்கட்டு."

கட்டினேன்.

"சத்தம் திரும்ப வந்துடுச்சு" என்றாள்.

"உனக்குக் கேக்கக்கூடாதுன்னு வோல்டேஜ கொறச்சேன். அதனாலதான் மூணு தடவையும் நின்னுச்சு. இப்ப ஏத்திட்டேன்."

"இதுக்காகவா... லூசுப்பா நீ." கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அது வந்து... அங்கிள் இருக்காருல்ல. அங்கிள்னு கூப்பிட்டா வீட்டுக்கு வந்த கெஸ்ட் மாதிரி இருக்குன்னு அம்மா வருத்தப்படறாங்க. அவரும் நல்லவருதான். அவர அப்பான்னு கூப்பிடட்டுமா?"

திரை கறுக்கவில்லை. மழை பெய்தது. கறுத்துத் தொலைத்தால் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். இரண்டு நாளாக நான் பாடுபட்டது இதைக் கேட்பதற்குத்தான்.

"அப்பா? இருக்கியா?"

மழையில் நனையும் அவள் லாரியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா! போயிட்டியா?"

"ஃபேன் சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப இருக்கேன்." மூச்சை இழுத்துக்கொண்டேன். "கூப்பிடும்மா. தாராளமா கூப்பிடு."

"கோவமா?"

"இல்ல. கஷ்டமா இருக்கு. கோவம் இல்ல."

அவள் வீட்டுக்குள் தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல் அவளை டிபன் சாப்பிடக் கூப்பிட்டது. அவள் ஹெட்போனைக் கொஞ்சம் நகர்த்தி, பழக்கமில்லாத குரலில் சொன்னாள்.

"அப்பா... இருங்க, வரேன்."

முதல் தடவை. எனக்காக இல்லாத அந்தச் சொல்லை நான் முழுசாகக் கேட்டேன். பிறகு ஹெட்போன் திரும்பச் சரியானது.

"இருக்கியா?" என்றாள் என்னிடம்.

அவருக்கு 'இருங்க'. எனக்கு 'இருக்கியா'.

"இருக்கேன்" என்றேன். "நீ முன்னால போ. நான் பின்னாலயே வரேன்."