பின்னால் ஓடிவந்த செருப்பு

குஞ்சம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், அவளுடைய செருப்புச் சத்தம் மோகனூர் சாலையில் வசந்தாமணிக்குப் பின்னால் வரத் தொடங்கியது. ஆள் தெரியவில்லை, தடமும் விழவில்லை. வீங்கிய கால்களுக்கென்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிய ரப்பர் செருப்பின் சளக், சளக் மட்டும். டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். நாய்கள் வசந்தாமணியைப் பார்த்து ஒருமுறையும், பத்தடி பின்னால் வெறும் சாலையைப் பார்த்து ஒருமுறையும் குரைத்தன. கரும்பு லாரிக்காரர்கள் இரண்டு பேருக்கு இடம் விட்டு ஒதுங்கிப் போனார்கள்.

இருவரும் ஒரே கோழிப்பண்ணையில் இருபத்து மூன்று வருஷம் எதிரெதிர் வரிசைகளில் முட்டை எடுத்தவர்கள். கோழிகளின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே எல்லாக் கதையும் பேசியதால், வீட்டிலும் அவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. இளம்பிள்ளைக்குப் போய் ஒரே கரையில் இரண்டு சேலை எடுத்து வந்தார்கள். கொடியில் எது யாருடையதென்று தெரியாமல் கடைசிவரை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். குஞ்சம்மாளுக்குச் சிறுநீரகம் போனபின் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்காகச் சேலத்துக்குப் பஸ். வசந்தாமணியும் கூடவே போனாள். திரும்புகையில் கூட்டத்தைப் பார்த்ததும், "நீ முன்னால போயி எடம் புடி புள்ள, நான் பின்னாலயே வாரேன்" என்பாள் குஞ்சம்மாள். மார்கழியில் ஒருநாள் வசந்தாமணி அப்படித்தான் ஜன்னலோர இடம் பிடித்துக் காத்திருந்தாள். பஸ் உறுமியும் அவள் வரவில்லை. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், பஸ் நிலையத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது.

செருப்புச் சத்தம் தொடங்கிய அந்த வாரம்தான் பாலசுந்தரம் வாத்தியார் மாரத்தான் அறிவித்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டு வாசலிலேயே ஏற்றிப்போக ஒரு வேன் வாங்க வேண்டும். அதற்காக நாமக்கல்லிலிருந்து மோகனூர் ஆற்றங்கரை போய்த் திரும்பும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். பஸ்ஸைப் பிடிப்பதற்கல்லாமல் வேறெதற்கும் ஓடியிராத வசந்தாமணி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். எட்டு மாதம் விடிகாலையில் ஓடிப் பழகினாள். ஓடும்போதே தோளுக்குப் பின்னால் முட்டை விலையும், யார் வீட்டில் என்ன சண்டை என்பதும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள். பதிலுக்குச் செருப்புச் சத்தம் வந்தது. ஒருநாளும் அது அவளை முந்தவில்லை.

புரட்டாசியில் ஓட்டம் நடந்தது. முப்பத்தோராவது கிலோமீட்டரில் சத்தம் நின்றுபோனது. வசந்தாமணியும் நின்றாள். தூரத்தில் நாமக்கல் மலைக்கோட்டை தெரிந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு வேப்பமரத்தடியில் மூச்சிரைப்பு கேட்டது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பாலசுந்தரம் மொபட்டில் தேடி வந்தார். "எல்லாரும் போய்ச் சேந்தாச்சுங்க அக்கா. வண்டியில ஏறிக்கோங்க, பரவால்ல."

"நீங்க போங்க சாமி. இவளுக்கு இளைக்குது. ரெண்டு பேருமா வாரோம்."

வாத்தியார் மரத்தடியில் தண்ணீர் பாட்டில் இரண்டை வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்துச் செருப்புகள் எழுந்தன. வசந்தாமணி முன்னால் போகவில்லை. கையை லேசாக மடக்கி, யாருக்கோ பிடிகொடுத்தவள்போல் நடந்தாள். சளக், சளக் அன்றுதான் முதன்முதலாக அவளுடைய இடதுபக்கத்தில் கேட்டது. அவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது மணி மூன்றரை. பந்தல் பிரித்தாகிவிட்டது. நோட்டோடு நின்றிருந்த பாலசுந்தரம் அடுத்தடுத்த வரியில் இரண்டு பெயர்களை எழுதினார்.

தை மாதம் வேன் வந்தது, இன்றைக்கும் ஓடுகிறது. ஆண்டுதோறும் ஓட்டக்காரர் பட்டியலில் குஞ்சம்மாள் பெயர் அச்சாகிறது. வயது நாற்பத்தொன்பது என்று போடுகிறார்கள். வருஷம் எத்தனை போனாலும் அதை யாரும் கூட்டுவதில்லை.