கைப்பிடி அரிசி

"செகண்ட் டோஸ் மாத்ரமே அம்மா. மீரு ரேப்பு ரண்டி" என்று ஆந்திராவின் பாகாலா ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் தெலுங்கில் சொன்னபோது கிரேஸுக்குக் கோபம்கூட வரவில்லை. இரண்டாவது ஊசிக்காரர்களுக்கு மட்டும்தானாம், மற்றவர்கள் நாளைக்கு வர வேண்டுமாம். அந்த ‘நாளை’ எத்தனையோ நாளாக வந்துகொண்டுதான் இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் கொரோனா ஊசிக்கு வருந்தி வருந்திக் கூப்பிட்டார்கள். அப்போது காய்ச்சல் வரும், கை வீங்கும் என்று சாக்குச் சொன்னவர்களெல்லாம் இப்போது மே மாத வெயிலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கிரேஸும் அதில் ஒருத்தி. யாரை நொந்துகொள்வது?

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். தனி ஆளுக்கு எவ்வளவு வேண்டும், ஒரு ஆழாக்கு. அதிலிருந்தும் ஒரு பிடி எடுத்து மூலையிலிருந்த தகர டப்பாவில் போட்டாள். உலையில் போடும் முன் ஒரு பிடி கோயிலுக்கு என்பது அவர்கள் கிறிஸ்தவ சபையின் வழக்கம். மாதக் கடைசியில் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து எடுத்துப் போவார்கள். கோயிலில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, இல்லாத வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். சின்ன வயதில் ஈவ்லின் அந்தப் பிடியைத் தான்தான் போடுவேன் என்று அடம் பிடிப்பாள். இது யாருக்கும்மா என்று தினமும் கேட்பாள். "யாருக்கோ. பசிச்சவங்களுக்குப் போய்ச் சேரும்" என்பாள் கிரேஸ்.

அந்த ஈவ்லின்தான் இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். தகப்பன் இல்லாத பெண்ணை அத்தனை தூரம் அனுப்பிவிட்டு, கிரேஸ் ஒரு செல்போனை நம்பி உயிர் வாழ்ந்துகொண்டிருந்தாள். மதியம் தவறாமல் மகள் வீடியோவில் வருவாள். இன்றைக்கு வந்த முகம் சரியாக இல்லை.

"ஊசி போட்டாங்களாம்மா?"

"நாளைக்கு வரச் சொல்லிக்கீறாங்க. அத்த வுடு. உனக்கு ரெண்டாவது இந்த வாரம்னியே, போட்டுக்கினியா?"

"கூப்பிட்டாங்க. வேணான்னுட்டேன்."

"இன்னாடி சொல்ற?"

"இங்க கீற ஜனத்துக்கு மேலயே ஊசிய முன்னாடியே பணம் கட்டி வாங்கி வெச்சிக்கினாங்கம்மா. என்கூட வேலை செய்ற பொண்ணு ஆப்பிரிக்காக்காரி. அவ ஊர்ல டாக்டருங்களுக்கே இன்னும் வரலியாம். நம்ம நாட்டுலயே மருந்து செய்றாங்க, நீ வெயில்ல நின்னுக்கினு கீற. எனக்கு மட்டும் ரெண்டாவதா? நான் ஒண்ணு வுட்டா அது யாருக்கோ போய்ச் சேரும்ல?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

யாருக்கோ. அது கிரேஸின் வார்த்தை. இந்தப் பைத்தியக்காரத்தனத்தை மகள் வேறெங்கும் கற்கவில்லை, இந்த அடுப்படியில்தான் கற்றாள். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றோமே என்று பெருமையாக இருந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த இல்லத்தில் குளிர்காலத்தில் செத்துப்போன எத்தனை கிழவிகளின் கண்ணை மூடிவிட்டேன் என்று சொன்னவளும் இவள்தான், ஒரு ஊசி மட்டும் பத்தாது என்று அம்மாவுக்குப் பாடம் நடத்தியவளும் இவள்தான்.

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குப் பதில் எழுந்து போய் டப்பாவின் மூடியைத் திறந்து போனை அதன் மேல் பிடித்தாள். ஊரடங்கில் கோயில் பூட்டியதிலிருந்து எடுத்துப் போக யாரும் வரவில்லை. அரிசிக்குள் கறுப்புக் கறுப்பாக வண்டு ஊர்ந்தது.

"பாரு. தெனம் ஒரு பிடி போட்டேன். யாருக்குப் போய்ச் சேர்ந்துச்சு?"

ஈவ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள்.

"எடுத்துக்கினு போறதுக்கு ஆளு வேணும்டி. நீ வேணான்னது அங்கயே பொட்டியில கெடக்கும், இல்ல அந்த ஊர்க்காரனுக்கே போடுவாங்க. பாகாலாவுக்கு யாரு தூக்கிக்கினு வருவா? நீ வுட்டதால எனக்குக் கெடைக்கப் போறதில்ல. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு கீறாங்க, சொல்லு?"

போனை வைத்த பிறகு கிரேஸ் அரிசியை வெயிலில் பரப்பினாள். வண்டெல்லாம் ஓடியதும் புடைத்து ஒரு பையில் கட்டினாள். நாலு வீடு தள்ளித் துலுக்காணத்தின் வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். மாங்கூழ் ஃபேக்டரியில் கூலி வேலை, போனால்தான் சோறு. வாசற்படியில் பையை வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுத்தாள். "வெச்சிட்டுப் போக்கா, கிட்ட வராத" என்று இருமலோடு பதில் வந்தது. இத்தனை நாளாகக் கோயில் திறக்கட்டும் என்று காத்திருந்தோமே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் இன்னொரு ‘நாளை’யை வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்பியபோது போன் அடித்தது. ஈவ்லின் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். தோளில் சின்னதாக, வட்டமாக ஒரு பிளாஸ்திரி.

"வலிக்குதா?"

"லைட்டா."

சின்ன வயதில் அதே பாகாலா ஆஸ்பத்திரியில் அம்மை ஊசி போட்டுக்கொண்டு அழுது ஊரைக் கூட்டியவள். வீடு வந்து சேரும்வரை வலி போச்சு, போச்சு என்று கிரேஸ் அவள் கையைத் தேய்த்துவிட வேண்டும். கிரேஸின் கட்டைவிரல் தானாகப் போய்த் திரையில் தெரிந்த அந்தப் பிளாஸ்திரியைத் தடவியது. எங்கே பட்டதோ, படம் பட்டென்று அணைந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. இருண்ட கண்ணாடியை மெல்லத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.